தீ அடுப்படியோடு நின்றது, பில் வீடு முழுக்க வந்தது: புகைச் சேதத்தைச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும்?

பாகான் டத்தோவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதி கல், மேல்பாதி பலகை, ஜிங்க் கூரை, பின்னால் நாலைந்து தென்னை. இரவு ஒன்பது மணிக்கு அடுப்படியில் ரைஸ் குக்கர் செருகியிருந்த பிளக்கில் தீப்பிடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 999-க்கு அழைக்கிறார். பொம்பா வந்து அணைத்துவிடுகிறது. யாருக்கும் காயமில்லை. எரிந்தது ஒரு சுவரும் ஓர் அலமாரியும்தான். "நல்ல வேளை, இதோட போச்சே" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரியும். தீ எட்டிக்கூடப் பார்க்காத படுக்கையறையில், பூட்டிய பீரோவுக்குள் மடித்து வைத்த தீபாவளிப் புடவையில் கரி வாடை. சீலிங் மூலைகளில் கறுப்பாக ஒட்டடை மாதிரி ஏதோ தொங்குகிறது. சுவரில் விரலை வைத்தால் விரல் கறுப்பாகிறது. டிவி, ஏர்கோன், ஐஸ்பெட்டி எல்லாம் முழுசாகத்தான் இருக்கின்றன. ஆனால் போட்டுப் பார்க்கலாமா என்று யாருக்கும் தெரியாது.

இந்த வீட்டைத் திரும்பக் குடியிருக்கத் தக்கதாக்க ஆகும் செலவில் பெரும்பகுதி எரிந்த சுவருக்குப் போகாது; புகை போன இடங்களுக்குத்தான் போகும். அந்தச் செலவு எப்படிக் கூடுகிறது, அதை யார் கட்டுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புகை ஏன் இவ்வளவு தூரம் போகிறது?

சூடான காற்று விரியும், மேலே எழும்பும், குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும். புகையும் அதோடு போகிறது. கதவிடுக்கு, சீலிங் பலகையின் மேல்வெளி, மின்கம்பி போகும் குழாய், ஏர்கோன் உள்பகுதி எல்லாமே அதற்கு வழிதான். குளிர்ந்த சுவரையோ கண்ணாடியையோ தொட்டதும் படிந்துவிடும். அதனால்தான் தீப்பிடித்த அறையைவிட மூடிக் கிடந்த அறையின் மூலையில் சில நேரம் கரி அதிகமாகத் தெரியும்.

எது எரிந்தது என்பதைப் பொறுத்து கரியும் மாறும். காய்ந்த பலகையும் காகிதமும் வேகமாக எரிந்தால் வருவது உலர்ந்த, பொடியான கரி; எடுப்பது சுலபம். மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, ரப்பர் செருப்பு போன்றவை புகைந்து புகைந்து எரிந்தால் வருவது பிசுபிசுப்பான கரி. துடைக்கத் துடைக்க இழுபடும். சட்டியில் கறி கருகிப்போன புகை இன்னொரு வகை. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, மெல்லிய எண்ணெய்ப் படலம் மாதிரி படியும், வாடை மட்டும் போகவே போகாது.

மின்கம்பி உறை, குழாய், சில தரைவிரிப்புகள் பி.வி.சி.யால் ஆனவை. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடலோரத்து ஈரக்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஜிங்க் கூரை, குழாய்த் திருகு, டிவிக்குள் இருக்கும் சர்க்கிட் பலகை எல்லாவற்றையும் அது மெதுவாக அரிக்கும். இன்றைக்கு ஓடுகிற ஐஸ்பெட்டி மூன்று மாதம் கழித்து நின்றுபோனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பேராக்கில் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். வெள்ளையாகப் போன ஷீட் பழுப்பாக வெளியே வரும், பூஞ்சணம் பிடிக்காது, வாடையும் போகாது. புகை மேலே ஒட்டுவதோடு நிற்காமல் உள்ளேயும் ஊறும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் வீட்டுப் பலகைச் சுவருக்கும் மெத்தைக்கும் அன்றிரவு நடந்தது அதுதான்.

ஈரத் துணியைக் கீழே வைங்க

தீ அணைந்த மறுநாள் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வாளி, மாப், சோப்புத் தூளோடு கோத்தோங் ரோயோங் செய்ய வந்துவிடுவார்கள். நல்ல மனசு. ஆனால் செலவைக் கூட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். உலர்ந்த கரியின் மேல் ஈரத் துணியை வைத்துத் தேய்த்தால், பொடியாக இருந்தது மையாகிச் சுவருக்குள் இறங்கிவிடும். துடைத்து எடுத்திருக்கக்கூடிய சுவரை அப்புறம் சுரண்டிச் சீலர் அடிக்க வேண்டியதாகிவிடும்.

முதலில் உலர்முறை. ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்கம் கிளீனரால், முனை சுவரைத் தொடாமல் உறிஞ்ச வேண்டும். சாதாரண வேக்கம் நுண்கரியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். அடுத்து உலர் கரிப் பஞ்சு. இதில் தண்ணீர் தொடக்கூடாது, ஒரே திசையில் இழுத்து, முகம் கறுத்ததும் வெட்டிவிட்டுப் புது முகத்தைப் பயன்படுத்த வேண்டும். இந்தப் பஞ்சு வல்கனைஸ் செய்த இயற்கை ரப்பரால் ஆனது. புகைக்கு ரப்பரே மருந்து என்று சொன்னால் பழைய தோட்டத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர். டிரைசோடியம் பாஸ்பேட் கலந்த வெந்நீர் கொழுப்புக் கரியை எடுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்க. மேலிருந்து தொடங்கினால் வழியும் கரித்தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு போடும், அந்தக் கோடு போகாது. சீலிங் கடைசியில். நன்றாகக் காயும்வரை பெயிண்ட் அடிக்காதீங்க. கறை தடுக்கும் சீலர் இல்லாமல் நேரே பெயிண்ட் அடித்தால் சில வாரத்தில் மஞ்சளாகக் கசியும். வெயில் ஏறும் மதியத்தில் வாடையும் திரும்ப வரும்.

நுண்கரி நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. சாதாரண முகக்கவசம் போதாது, என்95 போடுங்க. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். பழைய தோட்ட வீடுகள் சிலவற்றில் கூரையும் சீலிங்கும் அஸ்பெஸ்டாஸ் தகடுகள். சூட்டில் வெடித்த தகட்டைப் பெருக்குவதோ உடைப்பதோ ஆபத்து. அதற்கென்று பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்க.

சரி, எவ்வளவு ஆகும்?

ஒரே எண்ணைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். கணக்கைப் போடும் முறையைச் சொல்கிறேன், விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

650 சதுர அடி வீடு, 20 அடிக்கு 32.5 அடி என்று வைப்போம். சுற்றளவு 105 அடி. சுவர் உயரம் 10 அடி என்றால் வெளிச்சுவர்களின் உள்பக்கம் மட்டும் 1,050 சதுர அடி. உள்ளே தடுப்புச் சுவர்கள் மொத்தம் 60 அடி நீளம் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 1,200. சீலிங் 650. ஆக 2,900 சதுர அடி. பலர் தரையின் அளவை வைத்து மனக்கணக்குப் போடுகிறார்கள். துடைக்க வேண்டிய பரப்போ அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். கதவு, ஜன்னலுக்கு 400 கழித்தாலும் பெயிண்ட் அடிக்க 2,500 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 232 சதுர மீட்டர் மிஞ்சும். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று கொண்டால் சீலர் ஒரு பூச்சுக்கு 23 லிட்டர், பெயிண்ட் இரண்டு பூச்சுக்கு 46 லிட்டர். ஐந்து லிட்டர் டின்னில் சீலர் ஐந்து, பெயிண்ட் பத்து.

கூலி? நான்கு பேர் ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம், 24 ஆள்நாள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு 65.38 ரிங்கிட். 24 ஆள்நாளுக்கு சுமார் 1,570 ரிங்கிட். சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த கூலி இது. கருவி, கரைசல், போக்குவரத்து, குப்பை லாரி, நிறுவனத்தின் லாபம் எதுவும் இதில் இல்லை. யாராவது "வீடு பூரா ஐந்நூறு வெள்ளிக்கு முடிச்சித் தரேன்" என்றால், எதை விட்டுவிடப் போகிறார் என்று கேளுங்கள்.

இதற்கு மேல்தான் மற்றவை. வயரிங்கை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளர் சோதித்த பிறகுதான் மின்சாரம் போட வேண்டும். மின்சாதனங்களை அதுவரை செருகவே கூடாது. கரியில் மின்சாரம் பாயும், சுத்தம் செய்து பிழைக்கக்கூடிய பொருளும் போய்விடும். மெத்தை, தலையணை, நுரை சோபா பெரும்பாலும் தேறாது. திறந்திருந்த அரிசி மூட்டை, மசாலா, மருந்து மாத்திரை, குழந்தையின் பால் புட்டி எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான். துணிகளை உதறி, அலசி, வாடை போகும்வரை டோபி கடை டிரையரில் போடாதீங்க. சூட்டில் கறை நிலைத்துவிடும். வீட்டில் இருக்க முடியாத நாள்களுக்கு வாடகை, அல்லது தெலுக் இந்தானில் அக்கா வீட்டிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகும் பெட்ரோல் என்று கணக்கில் எழுதாத செலவு வேறு.

வாடைக்கு ஓசோன் இயந்திரம் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மனிதர் சுவாசிக்கத்தக்க அளவு ஓசோன் வாடையைப் பெரிதாக நீக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே சொல்கிறது. அதற்கு மேல் போட்டால் நுரையீரலுக்குக் கேடு, ரப்பர் பொருள்களும் வெடிக்கும். ஆளில்லாத வீட்டில் தெரிந்தவர்கள் செய்தாலும், கரியை எடுக்காமல் செய்தால் காசு வீண்.

புத்ரா ஹைட்ஸ் காட்டியது

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீப்பிழம்பை நாடே கைப்பேசியில் பார்த்தது. ஆரம்பக்கட்ட ஆய்வில் பார்க்கப்பட்ட 437 வீடுகளில் 81 வீடுகளுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் சேதம், இன்னொரு 81 வீடுகளுக்கு அதற்குக் குறைவான சேதம். 57 வீடுகள் எரியவில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவை என்று வகைப்படுத்தப்பட்டன.

அந்த 57-ஐக் கவனியுங்கள். படத்தில் அவை நின்றுகொண்டிருக்கும் வீடுகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "தப்பிச்சது". உள்ளே இருப்பவருக்குச் சூட்டிலும் புகையிலும் எது போனது, எது மிஞ்சும் என்ற கேள்வி. முழுவதும் அழிந்த வீட்டுக்கு 5,000 ரிங்கிட், பகுதி சேதத்துக்கு 2,500 ரிங்கிட் உடனடி உதவி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அன்றே அறிவித்தார். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் மேலே போட்ட கணக்கில் குறைந்தபட்சக் கூலிக்கே 1,570 போய்விட்டது, இன்னும் பதினைந்து டின் வாங்கவில்லை, மெத்தை வாங்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய விபத்துக்கே இப்படி. நாம் ஆரம்பத்தில் பார்த்த ரைஸ் குக்கர் தீக்குச் செய்தியில் நாலு வரி வந்தாலே அதிகம்.

காப்புறுதி இருக்கே?

இருக்கலாம். எது இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டுக் கடன் வாங்கும்போது எடுத்த எம்.ஆர்.டி.ஏ. இதற்கு உதவாது, கடன் வாங்கியவர் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ கடனை அடைப்பதற்கான பாலிசி அது. பேங்க் கேட்டு எடுத்த தீக் காப்புறுதி கட்டடத்துக்கு. சுவர், கூரை, சீலிங் அதில் வரும். டிவி, மெத்தை, புடவை வராது. அவற்றுக்கு ஹவுஸ்ஹோல்டர் எனப்படும் வீட்டுப் பொருள் காப்புறுதியைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்களே, இது உங்களுக்கும்தான். வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் லேப்டாப்பைப் பார்க்காது.

உண்மையான தீ ஒன்று நடந்து, அதன் புகையாலும் அணைக்க அடித்த தண்ணீராலும் வந்த சேதம் பொதுவாகத் தீச் சேதமாகவே கருதப்படும். சிக்கல் வருவது தீயே இல்லாத புகையில். இதற்கு 1816-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேய வழக்கு இருக்கிறது, ஆஸ்டின் எதிர் ட்ரூ. சர்க்கரை ஆலை ஒன்றில் புகைபோக்கியின் மேல்மூடியைத் திறக்க மறந்துவிட்டுக் காலையில் அடுப்பைப் பற்றவைத்தார்கள். புகையும் சூடும் மாடிகளுக்குள் புகுந்து சர்க்கரையைக் கெடுத்தன. தீ இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வரவில்லை, ஆகவே இது தீயினால் வந்த இழப்பு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1941-இல் ஹாரிஸ் எதிர் போலண்ட் வழக்கில், திருடனுக்குப் பயந்து கணப்பு அடுப்புக்குள் நகையை ஒளித்துவிட்டு மறந்து தீமூட்டிய பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. காப்புறுதி செய்த பொருளே எரிந்தால் போதும் என்றார்கள். பழங்கதை மாதிரி இருக்கலாம். ஆனால் நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உள்நாட்டுச் சட்டம் வேறு மாதிரி சொல்லாத வரை ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டிய துறைகளில் தீக் காப்புறுதியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அடுப்பில் சட்டியை மறந்துவிட்டு, தீ பரவாமல் வீடு மட்டும் கறுத்துப்போனால் இந்த வாதம் எழலாம். உங்கள் பாலிசியில் "புகை" என்ற சொல் எங்கே, எந்த நிபந்தனையோடு வருகிறது என்று இன்றைக்கே பாருங்க.

தோட்டத்து ஓரத்தில் வீடு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லாலாங் புல் தீ என்பது அடிப்படைத் தீ பாலிசியில் தானாக வருவதல்ல, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அம்சம். கல்வீட்டைவிடப் பலகை வீட்டுக்குப் பிரீமியம் கூடுதல் என்பதால் சிலர் தொகையைக் குறைத்து எடுப்பார்கள். அங்கேதான் அடி விழும்.

வீட்டைத் திரும்பக் கட்ட 200,000 ரிங்கிட் ஆகும், நீங்கள் 120,000-க்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். வீடு முழுக்க அழியவில்லை, புகைச் சுத்தமும் சீலிங்கும் சேர்த்து பில் 20,000. 120,000-க்குள்தானே, முழுசாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது. சராசரி விதி என்று ஒன்று பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. நீங்கள் எடுத்தது 60 விழுக்காடுதான், ஆகவே கிடைப்பதும் 60 விழுக்காடு, 12,000 ரிங்கிட். மிச்ச 8,000 உங்கள் கையிலிருந்து. பத்து வருஷம் முன்பு எடுத்த தொகையையே புதுப்பித்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்க. கட்டுமானச் செலவைக் கணிக்க மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் இணையப் பக்கத்தில் கணிப்பான் இருக்கிறது. நிலத்தின் விலையை இதில் சேர்க்க வேண்டாம், நிலம் எரியாது.

தோட்டக் குடியிருப்பில் இருந்தால் கட்டடம் நிறுவனத்துடையது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி தொழிலாளர் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. "சுவரைக் கழுவிக் குடியேறிக்கோ" என்று வாய்வார்த்தையில் முடித்துவிட விடாமல், சேதத்தை எழுத்தில் கொடுங்கள். உள்ளே இருந்த பொருள் மட்டும் தொழிலாளியின் தலையில்தான் விழும். பெரும்பாலும் அதற்குக் காப்புறுதி எதுவும் இருக்காது.

முதல் இரண்டு நாள்

பொம்பா அனுமதிக்கும்வரை உள்ளே போகாதீங்க. போனதும் துடைக்கும் முன் படம் எடுங்க. ஒவ்வோர் அறையும், ஒவ்வோர் அலமாரியின் உள்பக்கமும், சாதனங்களின் மாடல் எண்ணும். போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்க, பொம்பா அறிக்கைக்கு விண்ணப்பியுங்க, காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்க. அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை கெட்ட பொருளையும் தூக்கி எறியாமல் ஓரமாக வைங்க. அதற்காகக் கூரையைத் திறந்துபோட்டுக் காத்திருக்கவும் கூடாது. சேதம் பெருகாமல் பார்ப்பது உங்கள் கடமை. ஈரம் பட்ட சுவரில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் வரும். தார்ப்பாய் போடுங்க, ஜன்னலைத் திறங்க, ரசீதை வைங்க. சுத்தம் செய்யும் நிறுவனத்திடம் அறைவாரியாக எழுதிய மதிப்பீட்டைக் கேளுங்க, இரண்டு இடத்திலாவது. மாற்று வாடகைக்கு உங்கள் பாலிசியில் இடமிருக்கிறதா பாருங்க. பெரும்பாலும் காப்புறுதித் தொகையில் 10 விழுக்காடு வரை தருவார்கள், கேட்காதவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மைகார்ட் எரிந்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட்டோடு தேசியப் பதிவுத் துறைக்குப் போங்க. தீவிபத்தில் தொலைந்தது என்றால் அபராத விலக்குக் கேட்கலாம்.

நிறுவனம் கொடுக்கும் தொகை குறைவு என்று தோன்றினால் கையெழுத்துப் போட அவசரப்படாதீங்க. முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்க. அதிலும் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற பெயரில் இயங்கும் அமைப்பு இது. காப்புறுதி, தக்காஃபுல் விவகாரங்களில் 250,000 ரிங்கிட் வரையிலான புகார்களைப் பார்க்கிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. முதல் நாள் எடுத்த அந்தப் படங்களையும் ரசீதுகளையும் அங்கேயும் கேட்பார்கள்.